தயிரும் கள்ளும் உப்புநீரும்: பற்றீரியா, ஆக்கியா, வைரஸ் மூன்றையும் பிரித்தறியத் தொடங்குபவர்களுக்கு

மாரிவெள்ளம் வற்றத் தொடங்கும் நாள்களில் யாழ்ப்பாணத்தில் இரண்டு காய்ச்சல்கள் பக்கம் பக்கமாக வரும். ஒன்று டெங்கு, மற்றது எலிக்காய்ச்சல். முதல் ஓரிரு நாள்களில் இரண்டிலும் தலையிடி, உடம்புளைவு, கடுங்காய்ச்சல்தான். எலிக்காய்ச்சலைத் தருவது லெப்ரோஸ்பைரா என்ற பற்றீரியா. நேரத்தோடு கொடுத்தால் பெனிசிலினும் டொக்சிசைக்கிளினும் அதற்குக் கேட்கும். டெங்கு வைரசுக்கு அந்த மருந்துகள் ஒன்றும் செய்யா. 2024 டிசம்பரில் குடாநாட்டில் உயிர்களைக் காவுகொண்டது எலிக்காய்ச்சல்தான். ஆனாலும் வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் "கிருமி" என்ற ஒரே சொல்தான் புழங்குகிறது.

இந்த ஒரு சொல்லுக்குள் கட்டமைப்பில் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வகைகள் அடங்கியிருக்கின்றன. பாடப்புத்தக அட்டவணையை மனப்பாடம் செய்து அவற்றைப் பிரித்தறிவது கடினம், பரீட்சை முடிந்ததும் அது மறந்தும் போகும். கையால் செய்து பார்த்தால் மறக்காது. பற்றீரியாவைச் சாயம் காட்டிக்கொடுக்கும், ஆக்கியாவை உப்பு காட்டிக்கொடுக்கும், வைரசை வடி காட்டிக்கொடுக்கும். பாடசாலை நுணுக்குக்காட்டி ஒன்றும், தயிரும், தவறணைக் கள்ளும், கல்லுப்பும் இருந்தால் முதல் இரண்டு வகைகளையும் கண்ணால் காணலாம். மூன்றாவதை ஏன் காணமுடியாது என்பதும் அப்போது விளங்கும்.

நுணுக்குக்காட்டி

4, 10, 40, 100 மடங்குப் பொருள்வில்லைகளும் 10 மடங்குப் பார்வைத்துண்டும் உள்ள சாதாரண நுணுக்குக்காட்டி போதும். 100 மடங்கு வில்லைக்கு அமிழ்ப்பெண்ணெய் கட்டாயம் வேண்டும். கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் போகும் ஒளி விலகிச் சிதறிவிடும். கண்ணாடிக்கு நெருங்கிய முறிவுச்சுட்டி உள்ள எண்ணெய், ஏறத்தாழ 1.515, இடையில் இருந்தால்தான் நுண்ணிய விவரம் வில்லைக்குள் வந்து சேரும். எண்ணெய் தீர்ந்துவிட்டால் பாமசியில் வாங்கும் திரவப் பரபினால் அவசரத்துக்குச் சமாளிக்கலாம், படம் சற்று மங்கலாக வரும். தேங்காயெண்ணெய் வேண்டாம். அது வில்லையின் விளிம்பில் பிசினாகக் காய்ந்துவிடும், பிறகு கழற்றித் துடைக்கவும் முடியாது.

தொடங்குமுன் பார்வைப் புலத்தின் அகலத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பார்வைத்துண்டின் பக்கத்தில் 18 என்று பொறித்திருந்தால், அதைப் பொருள்வில்லையின் மடங்கால் வகுக்க வேண்டும். 100 மடங்கில் 18 ஐ 100 ஆல் வகுத்தால் 0.18 மில்லிமீற்றர், அதாவது 180 மைக்குரோமீற்றர். 2 மைக்குரோமீற்றர் நீளமுள்ள ஒரு கோல் பற்றீரியா அந்த வட்டத்தின் அகலத்தில் 90 இல் ஒரு பங்குதான். புதிதாகப் பார்ப்பவர்களில் அரைவாசிப் பேர் "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வது, முற்றுப்புள்ளி அளவில் கிடப்பதைத் தேடாமல் பெரிதாக எதையோ தேடுவதால்தான்.

சாயமிடாத மாதிரிக்கு ஒளித்துவாரத்தை ஒடுக்கிவிடுங்கள். கலங்கள் கண்ணாடிபோலத் தெளிவானவை, ஒளி கூடினால் மறைந்துவிடும். சாயமிட்டதை எண்ணெயில் பார்க்கும்போது இதற்கு எதிர்மாறு: ஒளி குவிப்பானை மேலே ஏற்றி, துவாரத்தை நன்றாகத் திறக்கவேண்டும்.

முதலில் கள்ளு

பற்றீரியாவைத் தேடப் போகும் முன் கண்ணுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதற்குப் பனங்கள்ளைவிட நல்லது இல்லை. ஒரு துளியை வழுக்கியில் இட்டு, மூடித்துண்டைச் சாய்வாகத் தொடவைத்து மெதுவாக இறக்குங்கள். நேரே போட்டால் காற்றுக்குமிழி அகப்படும். கறுத்த தடித்த விளிம்போடு முழு வட்டமாக இருப்பது குமிழி, கலம் அல்ல.

40 மடங்கில் முட்டை வடிவில், சில இடங்களில் சிறு அரும்பு ஒட்டியபடி தெரிபவை மதுவக் கலங்கள். அகலம் 5 முதல் 8 மைக்குரோமீற்றர். இவை மூன்று வகைகளிலும் சேராதவை. கருவுள்ள கலங்கள், உறவுமுறையில் எங்களுக்குக் கிட்டியவை. அவற்றைச் சூழப் பொடிப்பொடியாக, கோலாகவோ புள்ளியாகவோ இருப்பவைதான் பற்றீரியா. ஒரே புலத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அளவு மனதில் பதியும்.

அடுத்து, சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பணியில் ஒரு துளியைப் பாருங்கள். பாளையிலிருந்து வடியும் நீர் இரண்டுக்கும் ஒன்றுதான். சுண்ணாம்பின் காரத்தில் மதுவமும் பெரும்பாலான பற்றீரியாக்களும் பெருக முடியாது, அதனால்தான் கருப்பணி புளிக்காமல் இருக்கிறது. ஆனால் வழுக்கியில் சிறு துணிக்கைகள் துடிதுடித்துக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சுண்ணாம்புத் துகள்கள், உயிரில்லாதவை. நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் நின்ற இடத்திலேயே நடுங்குகின்றன. இதைப் பிரவுணியன் அசைவு என்பார்கள். நகரும் பற்றீரியா ஒரு திசையில் ஓடி, திரும்பி, மறுபடி ஓடும். எல்லாமே ஒரே பக்கம் அள்ளுப்பட்டுப் போனால் மூடித்துண்டுக்கு அடியில் நீரோட்டம் இருக்கிறது, விளிம்பு காய்கிறது என்று அர்த்தம். "உயிருள்ளது, அசைகிறது" என்று குறிப்பேட்டில் எழுதுமுன் சுண்ணாம்புத் துகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

தயிர்: பூச்சு எடுப்பது

தயிரை அப்படியே வழுக்கியில் தடவினால் கிடைப்பது பால்புரதக் கட்டிகளும் கொழுப்புத் துளிகளும்தான். சட்டியில் ஒதுங்கி நிற்கும் தெளிந்த நீரில் ஒரு துளி எடுத்து, காய்ச்சி வடித்த நீர் 10 துளிகளோடு கலந்து, அதிலிருந்து பூச்சு எடுங்கள். பூச்சு காய்ந்தபின் ஊடாகப் பார்த்தால் பத்திரிகை எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அதைவிடத் தடிப்பாக இருந்தால் கழுவிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள், சாயமிட்டு வீணாக்க வேண்டாம். வழுக்கியில் விட்ட நீர் பரவாமல் முத்து முத்தாக நின்றால் கண்ணாடியில் விரல் எண்ணெய் இருக்கிறது. சவர்க்காரத்தால் கழுவி, மதுசாரத்தால் துடைத்துக் காயவிடுங்கள்.

பூச்சைக் காற்றில் முழுதாகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருக்கும்போது சுடரில் காட்டினால் கலங்கள் அவிந்து உருக்குலையும். காய்ந்தபின் மதுசார விளக்கின் சுடருக்கு மேலாக, பூச்சுள்ள பக்கம் மேலே இருக்க, இரண்டு மூன்று தரம் விரைவாகக் கொண்டுபோங்கள். வழுக்கியின் அடிப்பக்கம் புறங்கையில் பட்டால் சூடு தெரியவேண்டும், சுடக்கூடாது.

1 சதவீத மெதிலின் நீலத்தில் சில துளிகள் இட்டு 1 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தண்ணீரைப் பூச்சின் மேல் நேரே ஊற்றாமல், சரித்துப் பிடித்த வழுக்கியின் மேல்முனையில் விட்டு வழியவிட வேண்டும். ஒற்றுக்கடதாசியால் ஒற்றி, எண்ணெய் விட்டு 100 மடங்கில் பாருங்கள். நீண்ட கோல்கள் லக்ரோபசிலசு வகை. மணிகளைக் கோத்ததுபோலச் சங்கிலியாக நிற்பவை ஸ்ரெப்ரோகொக்கசு வகை. கடைத் தயிரிலும் யோகட்டிலும் பெரும்பாலும் இந்த இரண்டும் தெளிவாகத் தெரியும். வீட்டுத் தயிரில் உறைமோர் வீட்டுக்கு வீடு வேறுபடுவதால் மதுவமும் வேறு உருண்டைகளும் கலந்து வரும்.

கிராம் சாயமிடல்

1884 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்ரியன் கிராம் கண்டுபிடித்த இந்தச் சாயமுறை இன்றும் ஆய்வுகூடங்களில் முதற்சோதனையாக நிற்கிறது. பார்ப்பதற்குச் சமையல் குறிப்புப் போல இருக்கும், ஆனால் ஒரு படியில் பத்து விநாடி தவறினால் முடிவு தலைகீழாகிவிடும்.

கரைசல்களைப் பெட்டியாக வாங்குவது இலகு. செய்வதென்றால்: கிறிஸ்ரல் வயலட் 2 கிராமை 95 சதவீத எதனோல் 20 மில்லிலீற்றரில் கரைத்து, அமோனியம் ஒட்சலேற்று 0.8 கிராம் கரைத்த 80 மில்லிலீற்றர் நீரோடு சேர்த்து, ஒரு நாள் வைத்து வடியுங்கள். அயடீன் 1 கிராமையும் பொற்றாசியம் அயடைட்டு 2 கிராமையும் சிறிது நீரில் சேர்த்து அரைத்து 300 மில்லிலீற்றராக்குங்கள். பொற்றாசியம் அயடைட்டு இல்லாமல் அயடீன் நீரில் கரையாது. சஃப்ரனின் 0.25 சதவீதம் போதும். வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஜென்ஷன் வயலட் மருந்தும் பெரும்பாலும் இதே ஊதாச் சாயந்தான், அவசரத்துக்கு உதவும்.

காய்ந்து சூடுகாட்டிய பூச்சின் மேல் கிறிஸ்ரல் வயலட்டை 1 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அயடீன் 1 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இந்த இடத்தில் எல்லாக் கலங்களும் ஊதாவாகத்தான் இருக்கும். இப்போது 95 சதவீத எதனோலைத் துளித்துளியாக வழியவிட்டு, வடியும் துளி நிறமற்று வந்தவுடன் நிறுத்துங்கள், 10 முதல் 20 விநாடிக்குள் முடிந்துவிடும். நிறுத்துவது என்றால் உடனே தண்ணீரில் கழுவுவது. மதுசாரம் வழுக்கியில் நிற்கும்வரை அதன் வேலை நிற்காது. பின்னர் சஃப்ரனின் 1 நிமிடம் விட்டு, கழுவி, ஒற்றிப் பாருங்கள். எதனோல் போத்தல் மதுசார விளக்கிலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளி இருக்கட்டும். பாடசாலை ஆய்வுகூடத் தீவிபத்துக்குச் சுடரும் திறந்த மதுசாரமும் அருகருகே இருந்தாலே போதும்.

ஊதாவாக நிற்பவை கிராம் நேர், சிவப்பாக வருபவை கிராம் எதிர். காரணம் கலச்சுவரில் இருக்கிறது. பற்றீரியாவின் சுவர் பெப்ரிடோகிளைக்கன் என்ற வலையால் ஆனது. கிராம் நேர் வகையில் அந்த வலை பல அடுக்காகத் தடித்திருக்கும். மதுசாரம் பட்டதும் அது நீரிழந்து இறுகி, சாயமும் அயடீனும் சேர்ந்த பெரிய கூட்டை உள்ளே பூட்டிவிடும். கிராம் எதிர் வகையில் வலை மெல்லியது, அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு மென்சவ்வும் உண்டு. மதுசாரம் அந்தச் சவ்வைக் குலைக்க, ஊதா கழன்று போய்விடும். வெளிச்சவ்வு பல மருந்துகளை உள்ளே விடாது. மருத்துவர்கள் இந்த ஊதா-சிவப்புப் பிரிவைப் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

தயிர் எல்லாம் ஊதாவாக வரவேண்டும். சிவப்பாக வந்தால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று: மதுசாரம் அதிக நேரம் நின்றது; அயடீன் வெளிச்சத்தில் கிடந்து வெளிறிப்போனது; அல்லது தயிர் பழசு. பல நாள் புளித்த தயிரில் கலங்கள் செத்து, சுவர் தளர்ந்து, ஊதாவைப் பிடித்துவைக்க முடியாமல் போகும். எல்லாமே ஊதா, சிவப்பு எங்கும் இல்லை என்பதிலும் சந்தேகப்படுங்கள். பூச்சு தடிப்பாக இருந்தால் மதுசாரம் உள்ளே போயிருக்காது. முறை சரியாக நடந்ததா என்று பார்க்க அதே வழுக்கியின் மறு ஓரத்தில், பற்குச்சியால் சுரண்டிய பல்லூத்தையை ஒரு துளி நீரில் கலந்து பூசிச் சேர்த்துச் சாயமிடுங்கள். அதில் இரண்டு வகைகளும் இருக்கும். ஒரு பக்கத்தில் ஊதாவும் சிவப்பும் கலந்து வந்தால் மற்றப் பக்கத்தின் ஊதாவை நம்பலாம். முதன்முதலில் பற்றீரியாவைக் கண்ட ஒல்லாந்தரான லீவன்ஹூக் 1683 இல் தன் சொந்தப் பல்லூத்தையைத்தான் பார்த்து விபரித்தார். அவருக்குச் சாயமும் இல்லை, எண்ணெய் வில்லையும் இல்லை.

ஆய்வுகூடத்தில் வளர்த்த பற்றீரியாக் கூட்டம் கையில் இருந்தால் சாயமில்லாத ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு. 3 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் ஒரு துளியில் ஒரு குவியலைக் குழைத்து, ஒரு நிமிடத்துக்குள் கம்பியை மெதுவாகத் தூக்குங்கள். கிராம் எதிர்க் கலங்கள் உடைந்து டீ.என்.ஏ. வெளியே வந்து, வெண்டிக்காய்க் கொழகொழப்புப் போல நூலாக இழுபடும். நேர் வகையில் அப்படி இழுபடாது. அந்தக் காரம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி அணியாமல் தொடவேண்டாம்.

பூச்சில் லெப்ரோஸ்பைராவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதன் தடிப்பு 0.1 மைக்குரோமீற்றர்தான். கிராம் சாயத்தையும் சரியாக ஏற்காது, சாதாரண ஒளியில் தெரியவும் தெரியாது. இருண்ட பின்புலத்தில் பொருளை மட்டும் ஒளிரக் காட்டும் இருட்புல ஒளியமைப்பு வேண்டும்.

உப்புநீர்: ஆக்கியாவைத் தேடி

1977 வரை கருவில்லாத கலங்கள் எல்லாம் பற்றீரியா என்றே நினைத்தார்கள். கார்ல் வோஸ், ஜோர்ஜ் பொக்ஸ் இருவரும் கலத்தில் புரதம் கட்டும் இறைபோசோமின் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மெதேன் உண்டாக்கும் சில "பற்றீரியாக்கள்" பற்றீரியாவிலிருந்து மிகத் தூரத்தில் நின்றன. அவைதான் ஆக்கியா. உருவத்தில் பற்றீரியா போலவே கோலும் உருண்டையுமாக இருக்கும், கருவும் இல்லை. ஆனால் சுவரில் பெப்ரிடோகிளைக்கன் இல்லை. அந்தச் சுவர் கட்டப்படுவதைத் தடுத்துக் கொல்லும் பெனிசிலின் ஆக்கியாவைத் தொடாது. மென்சவ்வின் கொழுப்பும் வேறு இணைப்பால் ஆனது. ஆர்.என்.ஏ. எழுதும் நொதியமோ எங்கள் கலங்களில் உள்ளதை ஒத்தது.

ஆக்கியா என்றால் கொதிநீர் ஊற்று, எரிமலை என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். யாழ்ப்பாணத்துக்காரர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மாட்டின் இரைப்பையிலும் சாண எரிவாயுக் குழியிலும் மெதேன் உண்டாக்குபவை ஆக்கியாதான். ஒட்சிசன் அவற்றுக்கு நஞ்சு என்பதால் புதிதாகத் தொடங்குபவரால் வளர்க்க முடியாது. உப்பை விரும்புபவை அப்படி அல்ல. ஆனையிறவு போன்ற உப்பளத்தில் உப்புப் படிகமாகும் பாத்தியின் நீர் சில காலங்களில் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்தில் பெரும் பங்கு இவற்றுடையது. உப்பளத்தில் மாதிரி எடுக்க அனுமதி கேட்டுப் பெறவேண்டும். கிடைக்காவிட்டால் கழுவாத கல்லுப்பு போதும். உப்புப் படிகம் உருவாகும்போது உள்ளே அகப்படும் நுண்ணிய உப்புநீர்த் துளிகளில் இவை உயிரோடு கிடக்கும். சுத்திகரித்த மேசை உப்பில் தேடிப் பயனில்லை.

100 மில்லிலீற்றர் ஊடகத்துக்கு: சோடியம் குளோரைட்டு 20 கிராம், எப்சம் உப்பு 2 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.2 கிராம், சோடியம் சித்திரேற்று 0.3 கிராம், பெப்ரோன் (நுண்ணங்கிகளுக்கு உணவாகும் செரித்த புரதத் தூள்) 1 கிராம். கொதிக்கவைத்து ஆறவிட்டு, பிஎச் 7.2 அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறிய பிறகே மாதிரிக் கல்லுப்பு 5 கிராமைப் போடவேண்டும். சூட்டோடு போட்டால் தேடுவதையே கொன்றுவிடுவீர்கள். போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், வாயைப் பஞ்சால் அடைத்து, வெளிச்சமும் 37 பாகை அளவு வெப்பமும் உள்ள இடத்தில் வையுங்கள். பங்குனி சித்திரையில் இங்கே அதற்கு அடைகாப்பான் தேவைப்படாது. நாளுக்கு இரண்டு தரம் குலுக்குங்கள். நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்து, ஆவியாகிக் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரால் அந்தக் கோடுவரை நிரப்புங்கள். இல்லாவிட்டால் அடியில் உப்புப் படியும். ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் இளஞ்சிவப்புத் தட்டும். 25 சதவீத உப்பில் கண்ட கண்டது முளைக்காது என்பதால், மற்ற ஊடகங்களில் வரும் தொற்றுத் தலையிடி இதில் மிகக் குறைவு.

மூன்று கிழமையாகியும் நிறம் வரவில்லையென்றால் முதலில் பெப்ரோனைச் சந்தேகியுங்கள். சில பெப்ரோன்களில் பித்த உப்பு கலந்திருக்கும், இந்த ஆக்கியாக்களின் கலங்கள் அதில் கரைந்து போகும். வேறு வகைப் பெப்ரோனோ மதுவச் சாறோ போட்டுப் பாருங்கள்.

இனி வழுக்கி. ஒரு துளியை ஈரமாகவே மூடி 40 மடங்கில் பாருங்கள். கோல்கள், ஒழுங்கற்ற வட்டங்கள், சில வேளை முக்கோணம், சதுரம்கூடத் தெரியும். தட்டைச் சதுரமான ஓர் இனத்தை 1980 இல் சினாய்க் கரையின் உப்புநீரில் வோல்ஸ்பி கண்டு எழுதினார். கூரிய விளிம்பும் மினுக்கமும் உள்ள சதுரம் உப்புப் படிகம், ஏமாற வேண்டாம். பிறகு மூடித்துண்டின் ஒரு விளிம்பில் ஒரு துளி காய்ச்சி வடித்த நீரை விட்டு, எதிர் விளிம்பில் ஒற்றுக்கடதாசியை வைத்து உறிஞ்சுங்கள். நன்னீர் பரவும் முனையைக் கண்ணெடுக்காமல் பாருங்கள்: கோல் முதலில் உப்பி உருண்டையாகும், பிறகு விளிம்பு மங்கும், பிறகு அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. இக்கலங்கள் உள்ளேயும் பொற்றாசியம் உப்பைச் செறிவாக நிரப்பி வைத்திருப்பவை. வெளியே உப்புக் குறைந்தால் நீர் உள்ளே பாயும், சுவரைக் கட்டிப்பிடித்திருந்த அயன்களும் விலகிவிடும். எங்களை உப்புநீர் வாட்டுவதுபோல அவற்றை நன்னீர் கொல்கிறது.

இதே காரணத்தால் மற்றவற்றுக்குச் செய்த சாயமுறை இங்கே தோற்கும். கழுவும் தண்ணீரே கலத்தை உடைத்துவிடும். காய்ந்த பூச்சை முதலில் 2 சதவீத அசற்றிக் கமிலத்தில் 5 நிமிடம் அமிழ்த்துங்கள். 5 சதவீத வெள்ளை வினாகிரி 2 பங்கோடு நீர் 3 பங்கு சேர்த்தால் அதுதான். அது கலத்தை உறுதிப்படுத்தும், உப்பையும் கழற்றும். கழுவாமல் காயவிட்டு, பின்னர் சாயமிடுங்கள். கிராம் முறையில் இவை பெரும்பாலும் சிவப்பாக வரும். சிவப்பு என்பதால் "கிராம் எதிர்ப் பற்றீரியா" என்று எழுதிவிடாதீர்கள். வெளிச்சவ்வு இருப்பதால் வந்த சிவப்பு அல்ல அது, பூட்டிவைக்கத் தடித்த வலை இல்லாததால் வந்தது.

இளஞ்சிவப்பு நிறமும் நன்னீரில் வெடிப்பதும் ஆக்கியாவுக்கு முழு அத்தாட்சி ஆகா. டுனாலியெல்லா என்ற அல்காவும் உப்பில் செம்மஞ்சளாகும். அது இரண்டு சவுக்குமுளைகளோடு மதுவத்தைவிடப் பெரிதாக நீந்துவதால் பிரித்தறியலாம். ஆனால் சலினிபக்ரர் என்ற உண்மையான பற்றீரியா ஒன்று 2002 இல் ஸ்பெயின் உப்பளங்களிலிருந்து விபரிக்கப்பட்டது. அதுவும் சிவப்பு, அதற்கும் செறிந்த உப்பு வேண்டும். அதைக் கண்ணால் பிரிக்க முடியாது. வோஸ் பார்த்த அதே இறைபோசோம் ஆர்.என்.ஏ.க்கான பரம்பரையலகை வாசித்தால்தான் முடிவு சொல்லலாம். குறிப்பேட்டில் "ஆக்கியாவாக இருக்கக்கூடியவை" என்று எழுதுவதே நேர்மை.

வைரஸ்: வடிக்குள்ளால் போவது

ஒளி நுணுக்குக்காட்டி ஏறத்தாழ 0.2 மைக்குரோமீற்றருக்குக் கிட்டவுள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. ஒளியின் அலைநீளம் போட்ட எல்லை அது, விலைகூடிய வில்லை வாங்கினாலும் தாண்டமுடியாது. டெங்கு வைரசின் விட்டம் 50 நனோமீற்றர், அந்த எல்லையில் நாலில் ஒரு பங்கு. அளவை விட்டாலும் அது கலம் அல்ல. புரதக்கூட்டுக்குள் டீ.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ., சிலவற்றில் வெளியே ஒரு கொழுப்புப் போர்வை, அவ்வளவுதான். இறைபோசோமும் இல்லை, சக்தி உண்டாக்கும் வழியும் இல்லை. பெனிசிலினுக்கு உடைக்கச் சுவர் இல்லை.

வைரஸ் முதன்முதலில் அகப்பட்டது எங்கள் தோட்டக்காரர்களுக்கு நன்கு தெரிந்த பயிரில்: புகையிலை. 1892 இல் இவனோவ்ஸ்கி, இலையில் திட்டுத்திட்டாகப் பச்சை வெளிறும் நோயுள்ள செடியின் சாற்றைப் பற்றீரியா போகாத களிமண் வடியால் வடித்தார். வடிந்த தெளிநீரும் நோயைத் தந்தது. 1898 இல் பெய்ஜெரிங்க் அதைப் பற்றீரியாவுக்குப் புறம்பான ஒன்றாக எடுத்துச் சொன்னார். 1935 இல் ஸ்ரான்லி அதைப் படிகமாக்கினார். அந்த வைரஸ் உலர்ந்த புகையிலையிலும் நெடுங்காலம் அழியாமல் இருக்கும். சுருட்டு சுற்றிய கையோடும் புகையிலை கிள்ளிய கையோடும் மிளகாய், தக்காளி நாற்றைத் தொடாமல் சவர்க்காரத்தால் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

குசினியிலுள்ள களிமண் வடியும் அதே வகைதான். பெரும்பாலான பற்றீரியாக்களை மறிக்கும், வைரசை மறிக்காது. வடித்த கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும், நன்றாகக் குமிழியிட்டு 1 நிமிடம் கொதித்தால் இரண்டும் அடங்கும். "வடிக்குள்ளால் போனால் வைரஸ்" என்ற விதிக்கு விலக்கும் உண்டு. மெலிந்த சுருளான லெப்ரோஸ்பைரா 0.22 மைக்குரோமீற்றர் வடியாலும் நழுவிப் போகும்.

வைரசைக் காண முடியாவிட்டாலும் எண்ணலாம். பற்றீரியாவைத் தாக்கும் பேஜ் வைரசுகளை எண்ணும் முறை கல்லூரி ஆய்வுகூடத்துக்கு உரியது, பாதிப்பில்லாத ஆய்வுகூட ஈ.கோலை வகையோடு செய்வது. 1.5 சதவீத அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) தட்டின் மேல், 0.7 சதவீத இளகல் அகார் 3 மில்லிலீற்றரில் பற்றீரியாவையும் ஐதாக்கிய பேஜ் 0.1 மில்லிலீற்றரையும் கலந்து ஊற்றி, 37 பாகையில் ஓர் இரவு வைப்பார்கள். காலையில் வெண்படலத்தில் தெளிந்த ஓட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பேஜில் தொடங்கி, அதன் வழிவந்தவை சுற்றியுள்ள கலங்களை உடைத்த இடம். பத்து இலட்சம் மடங்கு ஐதாக்கியதில் 84 ஓட்டை வந்தால், மூலத்தில் மில்லிலீற்றருக்கு 84 கோடி. இளகல் அகார் 48 பாகைக்கு மேல் இருந்தால் பற்றீரியா சாகத் தொடங்கும், 40 க்குக் கீழ் போனால் கட்டிபடத் தொடங்கும். இடையில் உள்ள அந்தச் சிறு வெளியில் கைவேகமாக ஊற்றத் தெரிந்தவருக்குத்தான் தட்டு ஒழுங்காக வரும்.

பேஜ் தயிரிலும் விளையாடும். பால் தொழிற்சாலையில் ஒரே உறைப் பற்றீரியாவைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் அதைத் தாக்கும் பேஜ் பெருகி, ஒருநாள் பால் உறையாமலே போகும். அந்தச் சங்கிலி மணிகள், ஸ்ரெப்ரோகொக்கசு தேர்மோபிலசு, பேஜின் டீ.என்.ஏ. துண்டை நினைவில் வைத்துத் தம்மைக் காக்கின்றன என்பது 2007 இல் நிறுவப்பட்டது. இன்று பரம்பரையலகை வெட்டித் திருத்தப் பாவிக்கும் கிறிஸ்பர் அதுதான். வீட்டில் தயிர் உறையாவிட்டால் பேஜைக் குற்றஞ்சாட்டுமுன் பாலின் சூட்டைப் பாருங்கள். 40 பாகை அளவில், விரல் பொறுக்கும் சூட்டில்தான் உறைமோர் விடவேண்டும். அது சரியென்றால் பால்காரரிடம் மாட்டுக்கு மடிவீக்க ஊசி போட்டதா என்று கேளுங்கள். பாலில் மிஞ்சிய மருந்து தயிர்ப் பற்றீரியாவையும் விட்டுவைக்காது.

சவர்க்காரத்துக்கும் மதுசாரத்துக்கும் இதே கணக்குத்தான். கொழுப்புப் போர்வை உள்ள கொரோனா, இன்புளுவென்சா போன்றவை சவர்க்காரத்தில் இலகுவாகக் குலையும். போர்வை இல்லாத ஹெப்பரைற்றிஸ் ஏ, நோரோ போன்றவற்றுக்கு மதுசாரத் தேய்ப்பு மட்டும் போதாது, ஓடும் நீரில் நேரமெடுத்துத் தேய்த்துக் கழுவித்தான் கையிலிருந்து அகற்றவேண்டும்.

முடித்து எடுத்துவைக்கும்போது

கிணற்றுநீர், மலம், புண்நீர், சளி எதையும் வீட்டில் ஊடகத்தில் வளர்க்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்ததைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் குசினிக்குள் வைத்திருப்பதாகிவிடும். கிணற்றை அறியவேண்டுமானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக நீர்மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள்.

பாவித்த வழுக்கிகளை, 5 சதவீத வெளிற்றும் திரவம் 1 பங்குக்கு நீர் 9 பங்கு கலந்த கரைசலில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். வினாகிரி பட்ட உப்புநீர் வழுக்கிகளை அதற்குள் போடுமுன் தண்ணீரில் நன்றாக அலசவேண்டும். அமிலமும் வெளிற்றும் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். உப்பு ஊடகத்தை ஊற்றிவிடுமுன் ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து ஒருநாள் வைத்தாலே அதிலுள்ளவை வெடித்துவிடும். வளர்ப்புத் தட்டுகளை மட்டும் அழுத்த அடுப்பில் 121 பாகையில் 15 நிமிடம் வைக்கவேண்டும். சில பற்றீரியாக்களின் வித்திகள் வெறும் கொதிநீருக்கு அசையா.

எண்ணெய் வில்லையை வில்லைக்கடதாசியால் ஒற்றியெடுங்கள், சட்டைத்துணியால் தேய்க்க வேண்டாம். 40 மடங்கு வில்லையிலும் எண்ணெய் பட்டதா என்று பாருங்கள், பெரும்பாலும் பட்டிருக்கும். கடற்காற்றும் மாரி ஈரமும் உள்ள இந்த ஊரில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பது வழமை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு மூடி, அது நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுங்கள்.